சேதி சொல்கிற மருமகள்

அடிப்பிடித்த பால் பாத்திரத்தை மருமகள் கம்பி நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் கெட்ட சேதி சொல்கிற வேலையும் அவளுடையதுதான். மாமனாருக்கு இனிப் பார்வை திரும்பாது என்று டாக்டர் சொன்னதை அவரிடமே சொன்னவள் அவள். மாடியில் குடியிருந்தவர்களைக் காலி செய்யச் சொன்னவளும் அவள். உனக்குத்தான் பக்குவமாகப் பேச வரும் என்பான் புருஷன்.

இப்போது நாத்தனாருக்குப் பேசிய கல்யாணம் நின்றுபோயிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் போன வாரமே போனில் கைவிரித்துவிட்டார்கள். போனை எடுத்த புருஷன் தன் அம்மாவிடம் சொன்னான். நீயே அவளிடம் சொல்லிவிடு என்று அம்மா நேரே அடுப்படிக்கு வந்தாள்.

"இந்த வீட்டுக்கு நான் என்ன மைக் செட்டா?" என்றாள் மருமகள். "போன்ல கேட்டவரே சொல்லட்டும்."

அன்றிலிருந்து அம்மாவும் பிள்ளையும் அந்தப் பெண்ணைத் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். அண்ணன்காரன் தங்கையின் அறுந்த செருப்பைத் தானே கொண்டுபோய்த் தைத்து வந்தான். அம்மா மீனின் நடுத்துண்டாகப் பார்த்து அவள் தட்டில் வைப்பாள். மகள் நிமிர்ந்தால் அம்மா குனிந்துகொள்வாள். மருமகளுக்குப் பார்க்கவே எரிச்சலாக வந்தது. இந்தப் பயம் நாத்தனாருக்காகவா? சொன்ன வாயை அவள் ஆயுசுக்கும் மறக்கமாட்டாளே என்று தங்களுக்காகத்தான்.

பாத்திரம் வெளுக்கத் தொடங்கியபோது நாத்தனார் வந்து நின்றாள். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள்; கல்யாணத்துக்காக வேலையை விடுவதாக நாளைக்கு முதலாளியிடம் சொல்லப்போகிறாள்.

"அண்ணி, போன மாசம் எடுத்த ரத்தப் பரிசோதனைல ஏதாவது பெரிய வியாதின்னு வந்திருக்கா? ஆளாளுக்கு ஏன் இப்படி விழுந்து விழுந்து கவனிக்கிறீங்க?"

மருமகள் குழாயை மூடினாள்.

"வியாதி ஒண்ணும் இல்ல. வேலைய விடாத. மாப்பிள்ள வீட்ல வேணாம்னுட்டாங்க."

நாத்தனார் முதலில் பெருமூச்சுதான் விட்டாள். சாகப்போகிறோம் என்று நினைத்திருந்தவளுக்கு மற்றது உறைக்கச் சற்று நேரமானது. எப்போது தெரியும் என்று கேட்டாள். போன வாரமே அண்ணனுக்குப் போன் வந்ததை மருமகள் மறைக்கவில்லை.

நாத்தனார் கூடத்துக்குப் போனாள். ஈரக் கையோடு மருமகளும் பின்னால் போனாள். அண்ணன் டிவியில் ஒலியைக் கூட்டினான்.

"நான் வேலையையும் விட்டுட்டு வந்து நின்ன பிறகாவது சொல்லியிருப்பியாண்ணா?"

"மொதல்ல உக்காரும்மா," என்றான் அவன், திரையைப் பார்த்தபடி. "சூடா ஏதாவது குடிக்கிறியா?"

அம்மா பதறி எழுந்து அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அதைச் சுற்றிக்கொண்டு அவள் வெளியே போனாள்.