புள்ளி பூஜ்யம் மூன்று

பாகூர் பக்கத்துக் கிராமங்களில் சேமித்து வைக்கும் விதைநெல் எவ்வளவு முளைக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. வீடு வீடாக விதை வாங்கி, ஈரப்பதம் அளந்து, நூறு நூறாக முளைக்கப் போட்டு எண்ணினேன். அதுவரை ஒழுங்கு. கணினியில் ஏற்றும்போதுதான் சொதப்பினேன். ஈரப்பதம் பதினான்கு சதவீதம் என்றால் 14 என்று போட்டேன். எண்பத்தைந்து சதவீதம் முளைத்திருந்தால் 0.85 என்று போட்டேன்.

ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறும் என்று கணிக்கும் ரிக்ரஷனில் ஈரப்பதத்துக்கு −0.03 என்று கெழு வந்தது. ஈரம் ஒரு புள்ளி ஏறினால் நூறு விதையில் மூன்று முளைக்காது என்று அதற்குப் பொருள். மேதாவி நான் அதை 0.03 சதவீதம் என்று படித்தேன். பத்தாயிரத்துக்கு மூன்று விதை! இதற்கா ஊரே விதையைக் காயவைக்க வெயிலில் காய்கிறது என்று சிரித்தேன்.

அந்த வாரம் அக்கா போன் செய்தாள். பாகூரில்தான் அவளைக் கட்டிக் கொடுத்திருந்தோம்.

"வானம் மூடிகினு வருதுடா. விதை நெல்லுக்கு இன்னும் ரெண்டு வெயிலு வேணும். இன்னா பண்றது?"

"ஈரத்தால ஒண்ணும் ஆவாதுக்கா. கம்ப்யூட்டர்லயே போட்டுப் பாத்துட்டேன். மூட்டைய கட்டு."

கட்டிவிட்டாள். தம்பி படித்தவன் அல்லவா. அடுத்த பட்டத்தில் நாற்றங்கால் சொட்டை சொட்டையாகக் கிடந்தது. நாற்று போதாமல் கால்வாசி நிலம் தரிசாகப் போனது. அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சில மாதம் கழித்து என் வழிகாட்டி, "இந்த 0.03 எந்த அலகுல?" என்று கேட்டார். அப்போதுதான் என் தப்பு புரிந்தது. ஆய்வேட்டில் ஒரு வரியைத் திருத்தினேன். அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை. அவள் முன்னால் முட்டாளாக நிற்க வெட்கம். வேறு காரணமே இல்லை.

போன ஆடியில் அவள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஊரில் நாற்று விடும்போது முதல் பிடி விதையைக் கைராசிக்காரர்தான் தூவ வேண்டும். வருடக்கணக்காக அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். அன்றும் பக்கத்து வீட்டுப் பெண் வந்து கூப்பிட்டாள்.

"வேற ஆளப் பாருடி," என்றாள் அக்கா. "எங்க தம்பி கணக்குப் போட்டு சரியாதான் சொன்னான். என் கை பட்டுதான் அவ்ளோ விதையும் பாழாப் போச்சி."

சொல்லிவிட்டு, அந்தக் கையாலேயே எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். நான் வேண்டாம் என்றுகூடச் சொல்லாமல் சாப்பிட்டேன்.