பூனையை விரட்டுவது எத்தனையாவது படி?

சிறப்பாசிரியர் வேலைக்கு வருகிற எல்லோரும் ஒரு பை நிறையப் படங்களோடுதான் வருகிறார்கள். படகில் அந்தப் பையை எங்கே வைத்தால் நனையாது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. அதற்கு முன் ஒரு நாளிதழில் பொன்னேரி வட்டாரச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு செய்தியை எட்டு வரிக்குள் அடக்கச் சொல்வார்கள். இங்கே ஒரு குழந்தையை நான்கு பக்கப் படிவத்துக்குள் அடக்கச் சொல்கிறார்கள். இரண்டிலுமே முக்கியமானது வெளியே நின்றுவிடும்.

சிறப்புக் கல்வி பி.எட். சேர்ந்து, நாளைய தேர்வுக்குக் கலைச்சொற்களை உருப்போட்டுக்கொண்டிருக்கும் வருங்காலச் சக துன்பவாசிகளே, இது உங்களுக்காக. தலைப்புகள் எல்லாம் உங்கள் வழிகாட்டி நூலில் இருப்பவைதான். விளக்கம் மட்டும் பழவேற்காடு ஏரியில் ஒரு தீவுக் குப்பத்தில் கிடைத்தது. பசியாவரம் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரை எழுதினால் அடுத்த முறை என்னைப் படகில் ஏற்ற மாட்டார்கள்.

மதிப்பீடு

ஜோதிக்கு அப்போது ஒன்பது வயது. பிறவியிலேயே மூளைவாதம். கால்கள் இரண்டும் விறைத்துக்கொள்ளும், பேச்சு ஒவ்வொரு சொல்லாக வரும். பதிவேட்டில் 'வீட்டுவழிக் கல்வி' என்று போட்டிருந்தது. அதாவது பள்ளிக்கூடம் பழவேற்காட்டுக் கரையில், பிள்ளை தீவில், நடுவில் வாரம் இரண்டு நாள் நான். எனக்கு முன்னால் வந்தவர், எளிய படங்களைக்கூட இந்தக் குழந்தை அடையாளம் காணவில்லை என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார்.

நானும் பையிலிருந்து மீன் படத்தை எடுத்து, இது என்ன என்று கேட்டேன். ஜோதி படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பப் படத்தைப் பார்த்தாள். பெருக்கல் குறி போட்டேன். ஏரிக்கு நடுவில் பிறந்து, மீன் விற்கிற அம்மாவுக்குப் பிள்ளையாக வளர்ந்த குழந்தைக்கு மீன் தெரியவில்லை என்று எழுதவும் பேனாவை வைத்துவிட்டேன். பக்கத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்த அவள் அம்மா கஸ்தூரி, கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கிப் பார்த்தார். ஆரஞ்சு நிறம், சிரித்த வாய், கண்ணுக்கு மேலே இமைமுடி.

"இது இன்னா மீனுன்னு மொதல்ல நீ சொல்லு டீச்சர்ம்மா. மடவையா, கெளுத்தியா, கொடுவாவா? பொண்ணு அத்தத்தான் அவ்ளோ நேரமா யோசிச்சினு கீது."

செயல் பகுப்பாய்வு

ஒரு பெரிய வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்து, ஒவ்வொரு படியாகக் கற்றுத்தருவது. எந்த வேலை என்பதைப் பெற்றோரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்பது விதி. கஸ்தூரி இறால் உரிப்பதைச் சொன்னார். இரண்டு நாள் உட்கார்ந்து அவர் விரல்களைக் கவனித்து ஒன்பது படிகள் எழுதினேன். தலையைப் பிடி என்று தொடங்கி, சதையைத் தண்ணீரில் போடு என்று முடியும். பத்திரிகையில் இருந்தபோதுகூட அவ்வளவு சுத்தமாக எழுதியதில்லை. சார்ட் பேப்பரில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

நான்காவது படிவரை ஜோதி பிரமாதமாக வந்தாள். ஐந்தாவது என்ன என்று நாங்கள் இருவரும் சுவரைப் பார்த்த நேரத்தில், உரித்ததையும் உரிக்காததையும் சேர்த்துக் கவ்விக்கொண்டு பூனை கூரைமேல் ஏறிவிட்டது. கஸ்தூரி எழுந்து வந்து, சார்ட்டில் மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டி, எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு என்னைக் கேட்டார்.

"ஒம்போதுலயும் பூனைய வெரட்டறது இல்லியே. அது எத்தினியாவது படி?"

வலுவூட்டல்

சரியாகச் செய்தால் உடனே ஒரு பரிசு. பரிசுக்காகக் குழந்தை திரும்பவும் செய்யும். நூலில் இதற்கு ஒரு முழு அத்தியாயமே உண்டு. ஒரு வரி படித்தால் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் என்று நான் அறிவித்தேன். முதல் வாரம் நன்றாகப் போனது. இரண்டாவது வாரம் ஜோதி வாயைத் திறக்கவில்லை. கடினமான வரியோ என்று நினைத்து இரண்டு நட்சத்திரம் என்றேன். அவள் ஏரியைப் பார்த்தாள். மூன்று என்றேன்.

ஒன்றை நான் மறந்துவிட்டேன். நடக்க முடியாத அந்தப் பிள்ளை சிறுவயது முழுக்க அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து கரையில் மீன் ஏலத்தைப் பார்த்து வளர்ந்தது. முதலில் கேட்கிற விலைக்கே கூடையைத் தள்ளிவிடுகிறவளை அங்கே யாரும் மதிப்பதில்லை. ஜோதி என் பக்கம் திரும்பி, அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லாக இறக்கினாள்.

"மூணுக்கு... கட்டாது டீச்சர். ஐஸுல... போட்டு வெச்சிக்கிறேன்."

தடையற்ற சூழல்

பதினோரு வயதில் ஜோதி, என்னிடம் படித்தது போதும் என்று முடிவு செய்தாள். அவள் தெருப் பெண்பிள்ளைகள் நான்கு பேர் காலையில் சீருடை போட்டுக்கொண்டு படகேறி ஆறாம் வகுப்புக்குப் போகிறார்கள். தானும் போக வேண்டும். சீருடைக்கு அளவெடுக்கச் சொல்லி அம்மாவை நச்சரிக்கவே ஆரம்பித்துவிட்டாள். நான் கரையில் இருந்த நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியரைப் பார்க்கப் போனேன்.

நல்ல மனிதர். முதலில் சாய்தளத்தைக் காட்டினார். சரியான சரிவு, இரண்டு பக்கமும் கைப்பிடி. அன்றாடம் அதில் ஏறுவது அவருடைய பைக் மட்டும்தான். வராந்தா நிழலில் நிறுத்த வசதி. பிறகு தன் பிரச்சினையைச் சொன்னார். முன்பு இப்படி ஒரு பிள்ளையைச் சேர்த்து, மூன்று நாள் வந்து நின்றுவிட்டதாம். மேலதிகாரிகளுக்குப் பதில் சொல்லி மாளவில்லையாம். அதனால் ஒரு மாதம் பார்ப்போம், ஒரு வேலை நாள்கூட விடாமல் வந்தால் ஜோதி ஆறாம் வகுப்பு, ஒரு நாள் விட்டாலும் பழையபடி வீட்டுவழிக் கல்வி என்றார்.

அங்கேதான் சிக்கல். விடியும்போது அப்பா ஏழுமலை ஏரியில் வலையோடு இருப்பார், அம்மா ஏலத்தில் இருப்பார். பள்ளிப் பிள்ளைகளின் படகில் தூக்கி ஏற்றி, இறக்கி, மணலில் சுமந்துபோக ஆள் கிடையாது. தடைகளை நீக்குவது பள்ளியின் கடமை என்று சட்டத்தில் இருக்கிறதே என்றேன். அவர் சாய்தளத்தின் கைப்பிடியைத் தட்டிக் காட்டினார்.

"என் கட்டடத்துல ஒரு குறை சொல்லுங்க, கேட்டுக்கறேன். ஏரிய நான் கட்டலயே டீச்சர்."

தனிநபர் கல்வித் திட்டம்

ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாகத் திட்டம் எழுத வேண்டும். இலக்கு, வழிமுறை, கால அளவு, பொறுப்பு என்று நான்கு கட்டங்கள். 'பொறுப்பு' என்ற கட்டத்தில் எல்லோரும் 'பெற்றோர்' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். நானும் எழுதினேன். ஏழுமலை கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். படகு சம்பந்தப்பட்ட எதையும் ஊர்க் கூட்டத்தில் வைக்காமல் செய்வதில்லையாம். ஆகவே குறுகிய கால இலக்கு, நீண்ட கால இலக்கு எல்லாவற்றையும், வலை பின்னிக்கொண்டே காதுகொடுத்த முப்பது ஆண்களுக்கு முன்னால் நின்று வாசித்தேன்.

ஊர்த் தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பெற்றவனுக்குக் காய்ச்சல் வந்தால் யார் என்றார். அம்மா என்றேன். அம்மாவும் படுத்துக்கொண்டால் என்றார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. அப்படியானால் பாடு வரிசையில் போட்டுவிடலாம் என்றார். பாடு என்பது அந்த ஏரிக்காரர்களின் முறை. எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டலாம் என்று வரிசை போட்டு வைத்திருப்பார்கள். நல்ல இடம் இன்றைக்கு ஒருவனுக்கு, நாளைக்கு இன்னொருவனுக்கு. முறை இல்லாத நாளில் அவன் கரையில் இருப்பான். அப்படிக் கரையில் இருக்கிறவன் ஜோதியை அக்கரைக்குக் கொண்டுபோய் வகுப்பில் உட்காரவைத்து, சாயந்திரம் கூட்டிவர வேண்டும். தவறினால் அவனுடைய அடுத்த பாடு ரத்து. எந்தக் கல்விச் சட்டத்திலும் இவ்வளவு கடுமையான பிரிவை நான் படித்ததில்லை.

மாரி என்ற இளைஞர் ஆட்சேபித்தார். பாடு கல்யாணமான ஆம்பளைகளுக்கு உரியது, அந்தப் புத்தகத்தில் ஒரு சின்னப் பெண்ணின் பெயர் எப்படி ஏறும் என்றார். பெண்கள் கூட்டத்தில் உட்காருவதில்லை. ஆனால் கேட்கிற தூரத்தில்தான் நிற்பார்கள். அங்கிருந்து கஸ்தூரி, பெண் பெயரை எழுத வேண்டாம், தூக்குகிறவன் பெயரை எழுதினால் போதும், அத்தனை பேரும் கல்யாணமான ஆம்பளைகள்தானே என்று பதில் கொடுத்தார். மாரியின் மனைவிதான் முதலில் சிரித்தது. பதினெட்டுப் பேர் வரிசை எழுதி முடித்ததும் தலைவர் என் திட்டத்தை வாங்கி, அடியில் இருந்த என் கையெழுத்தில் விரலை வைத்தார். நான் பெண், வெளியூர், ஏரியில் எனக்கு வலையும் இல்லை என்றேன்.

"கையெழுத்து போட்டுகீறியேம்மா. எழுதிக்கப்பா, கடைசில டீச்சரு."

ஆவணப்படுத்துதல்

செய்ததை எல்லாம் பதிவு செய்யாவிட்டால் செய்யாததற்குச் சமம். மாத அறிக்கையில் 'பள்ளிக்கு வரும் முறை' என்று ஒரு கேள்வி உண்டு. அலுவலகத்தில் கணினியில் பதிவேற்றும் தோழி மதியம் போன் செய்தார். பேருந்து, வேன், ஆட்டோ, நடை என்று நான்கில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடிகிறதாம். படகு என்று நான் மூன்று தடவை சொன்னேன்.

"ஆட்டோன்னு போட்டுட்டேன் டீச்சர். தண்ணி மேல போற ஆட்டோன்னு நெனச்சிக்குங்க, நான் சாப்பிடப் போறேன்."

உள்ளடக்கிய கல்வி

பதினெட்டு வேலை நாள்கள் ஒரு குறையும் இல்லாமல் போயின. ஆட்சேபித்த மாரிதான் முதல் நாள் வந்தவர். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் கால்களைக் குட்டையாக அறுத்து, ஜோதிக்கென்று ஒதுக்கிய படகில் கட்டிவைத்ததும் அவர்தான். பத்தொன்பதாவது நாள் என் முறை. யாராவது படகைத் தள்ளித் தருவார்கள், நான் ஜோதியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு போகலாம் என்று நம்பித்தான் போனேன். கஸ்தூரி மகளை நாற்காலியில் உட்காரவைத்து, என் கையில் படகு தள்ளுகிற கழியைக் கொடுத்துவிட்டு, கூடையோடு போய்விட்டார். பிள்ளைகளின் படகு அதற்குள் பாதி ஏரியைத் தாண்டியிருந்தது. கரையில் நின்ற ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். முறை என்றால் முறை.

பையை ஜோதியின் மடியில் வைத்தேன். படகில் நனையாத இடம் அது ஒன்றுதான். கழியைச் சேற்றில் ஊன்றிப் பலமாகத் தள்ளினேன். படகு போனது. கழி வரவில்லை. இரண்டில் ஒன்றை விட வேண்டிய நேரத்தில் என் கை கழியைப் பிடித்துக்கொண்டது, நான் ஏரிக்குள் விழுந்தேன். இடுப்பளவு தண்ணீர்தான், உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் பதினெட்டு நாள் வருகையோடு ஜோதி தனியாகக் காற்று போன பக்கம் போய்க்கொண்டிருந்தாள். கரையில் ஒருவர் விடாமல் சிரித்தார்கள். கழியைப் பிடுங்கிக்கொண்டு, சேற்றில் காலை இழுத்து இழுத்துப் போய்ப் படகைப் பிடித்து ஏறினேன். இன்றைக்கு விட்டால் அவளுக்கு மறுபடியும் சுவரும் சார்ட்டும்தான்.

ஜோதி பதறவில்லை. நான் மூச்சு வாங்கி முடிக்கும்வரை காத்திருந்து, வேலையைப் படிப்படியாக உடைத்தாள். ஊனு. தள்ளு. படகு நகரும்போதே புடுங்கு. அப்புறம்தான் அடுத்தது. புடுங்குவதுதான் மூன்றாவது படி, நீ அதை விட்டுவிட்டாய் என்றாள். அவள் ஊனு என்றால் ஊன்றினேன், புடுங்கு என்றால் பிடுங்கினேன். கரை சேர்ந்து, அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, உடுப்பெல்லாம் சொட்டச் சொட்ட மணலில் ஓடிப் பள்ளியை அடைந்தபோது பிரார்த்தனை முடிந்திருந்தது. சாய்தளத்தின் பாதியில் தலைமையாசிரியர் பைக்கை ஏற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். பைக்கைப் பின்னால் உருட்டி இறக்கி, மணலில் வெயிலில் நிறுத்தினார். பிறகு வகுப்புக்கு வந்து பதிவேட்டில் ஜோதியின் பெயருக்கு நேரே வருகை போட்டார். பிள்ளை வந்தாச்சு, லேட்டு உங்களுக்குத்தான் டீச்சர் என்று மட்டும் சொன்னார்.

அவளைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, எப்படி ஓட்டினேன் என்று கேட்டேன். ஜோதி தன் நோட்டின் அட்டையிலிருந்து ஒரு பழைய நட்சத்திரத்தை மெதுவாக உரித்தாள். விரல்கள் சொன்னபடி கேட்க நேரம் எடுத்தன. நான் கையை நீட்டியபடியே நின்றேன். ஈரமான என் மணிக்கட்டில் அதை அழுத்தி ஒட்டினாள். ஒன்றுதானா என்றேன்.

"ஊனுனதுக்கு... ஒண்ணு. புடுங்கறதுக்கு... அடுத்த மொற பாக்கலாம்."

ஜோதி இப்போது எட்டாம் வகுப்பில், தலைமையாசிரியரின் பைக் வெயிலில், நான் இன்னும் அதே ஒரு நட்சத்திரத்தில்.