புகை வராத நாள்கள்

சாஆ என்ற சிற்றூரிலிருந்து அப்பா என்னோடு தங்க வந்தபோது, என் அடுக்குமாடி வீட்டின் சமையலறைச் சன்னலிலிருந்து எங்கள் மின்நிலையத்தின் புகைபோக்கி தெரிவது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவர் செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலனுக்குச் சக்கை தள்ளியே வயதானவர். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான்.

"மூணு நாளா பொகையே இல்லையேப்பா," என்றார் ஒரு காலை, பால் சேர்க்காத தே ஓவை ஆற்றிக்கொண்டே.

அது நீராவி. அப்பாவுக்கு எல்லாம் புகைதான். உட்கார்ந்து விளக்கினேன். வெயில் அடிக்கும்வரை சூரியத் தகடுகளின் மின்சாரமே போதும்; இரவுக்கும் அதையே மின்கலங்களில் சேமித்து வைப்பார்கள். மேகம் மூடினால்தான் எங்களை ஓட்டச் சொல்வார்கள். எரிவாயு எரிந்து வரும் கரியமில வாயுவை வானத்துக்கு விடாமல் ஒரு திரவத்தில் பிடிப்பது என் பிரிவின் வேலை. இன்னும் பரிசோதனைதான்.

"அப்ப வெயில் அடிச்சா ஒனக்கு வேலை இல்ல."

"காத்திருக்கிறதும் வேலைதான்ப்பா."

"சும்மா நிக்கிறவனுக்கு எத்தன நாளைக்குச் சம்பளம் குடுப்பான்? எங்க ஆலையில பொகை நின்ன நாலாம் நாளு ஆபீஸ் கிராணி வந்து வீட்டக் காலி பண்ணச் சொன்னாரு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் ஊருக்குப் போய்வருவதாகக் கிளம்பினார். திரும்பியபோது கையில் ஒரு தாள், வேலைக்கான விண்ணப்பப் பாரம். செடெனாக் பக்கம் ஓர் ஆலையில் அவருடைய பழைய கூட்டாளி ஆட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருக்கிறாராம். 'பையன் பாய்லர் படிச்சவன்' என்று சொல்லி எனக்கு வேலை கேட்டிருக்கிறார்.

"மானத்த வாங்கிட்டீங்கப்பா. இது ஒங்க ஆலை இல்ல," என்று கத்தினேன். அவர் பாரத்தை நாலாக மடித்து முருகன் படத்துக்குப் பின்னால் செருகினார்.

எனக்கும் பயம் இருந்தது. ஜொகூர் மழை நாலு மணிக்கு இருட்டிக்கொண்டு வரும், ஆறுக்கு வெளுத்துவிடும். ஆறிக்கிடக்கும் திரவம் சூடாகி வேலைக்கு வரவே இரண்டு மணி நேரம் ஆகும். பிடிக்க வேண்டியதெல்லாம் அதற்குள் மேலே போயிருக்கும். எப்போதும் சூடாக வைத்திருந்தால் வெயில் நாளிலும் எரிவாயு எரிக்க வேண்டும். இதையெல்லாம் அறிக்கையில் நான்தான் எழுதினேன். சூடான திரவத்தைச் சேமிக்க ஒரு தொட்டி கட்டித் தருவார்கள் என்று நம்பினேன்.

நன்றாக எழுதியிருப்பதாகப் பாராட்டினார்கள். பிறகு பிரிவையே மூடிவிட்டார்கள். நிலையம் இருக்கும்; வாயுவைப் பிடிக்கும் வேலைதான் இருக்காது. எங்கள் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை.

அன்று மழையில் நனைந்து வீட்டுக்கு வந்தேன். அப்பா சன்னலோரம் நின்றிருந்தார். பல நாள் கழித்து அவர் முகம் தெளிந்திருந்தது.

"பாத்தியா, ஓடுது. நாந்தான் தப்பா நெனச்சிட்டேன். நீ கோவிச்சுக்காதப்பா, அந்தப் பாரத்தக் கிழிச்சுப் போட்டுட்டேன். மண்டோருக்கும் போன் போட்டு வேணாம்னு சொல்லிட்டேன்."

"சரிப்பா," என்றேன்.

துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு அவர் மறுபடியும் சன்னலுக்குப் போனார். நானும் பக்கத்தில் போய் நின்றேன். மழைக்குள் நீராவி வெள்ளையாக மேலே போய்க்கொண்டிருந்தது; அதோடு கண்ணுக்குத் தெரியாமல் கரியமில வாயுவும், பிடிக்க ஆளில்லாமல்.