ஈட்டியைக் கீழே வைத்தவர்

ஜேர்மனியில், கொலோனிலிருந்து அப்பாவை, திரும்பக் கட்டியெழுப்பிய ஒரு ரோமர் கோட்டைக்குக் கூட்டிப் போயிருந்தேன். வாசலில் ரோமச் சிப்பாய் வேடத்தில் செந்தாடிக் காவலாளி ஒருவர். வருகிறவர்களை ஈட்டியால் மறித்து உறுமுவது அவர் வழக்கம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

உள்ளே அப்பாவைத் தவறவிட்டேன். மறதி நோய்க்காரர். நான் கோட்டை முற்றத்துக் கிணற்றுக்குள் குனிந்து "அப்பா" என்று கத்தினேன். பூனைகூட விழ முடியாதபடி அதற்குக் கம்பிவலை போட்டிருந்தார்கள்.

அப்பா வாசலில் நின்றார். ஈட்டிக்கு முன்னால் ஒரு கையை உயர்த்தி, மறு கையால் அடையாள அட்டையை நீட்டியபடி. யாழ்ப்பாணத்துச் சோதனைச் சாவடிகளில் அப்படித்தான் நிற்போம். நான் ஓடினேன்.

"ஓடி வராதை தம்பி, சுடுவாங்கள்."

காவலாளி சிரிக்கவில்லை. ஈட்டியைக் கீழே வைத்தார். அட்டையை இருபுறமும் பார்த்துத் திருப்பிக் கொடுத்து, "நீங்கள் போகலாம் ஐயா" என்று ஜேர்மன் மொழியில் சொன்னார்.

"நல்ல பெடியன். உன்ரையையும் காட்டு" என்றார் அப்பா.

பதற்றத்தில் நான் நீட்டியது மாத ரயில் அட்டை. அதையும் காவலாளி அதே கவனத்தோடு பார்த்தார்.

அந்த மனிதர் எந்தச் சாவடியில், யாருடைய துப்பாக்கிக்கு முன்னால் கையை உயர்த்தி நின்றிருப்பார் என்று இன்றும் யோசிக்கிறேன்.