ராட்டினத்துக்குப் போட்ட தூபம்

திண்டுக்கல் மாதா கோயிலில் இன்று ஃபாதர் தூபம் காட்டியபோது, இப்போது கல்யாண மண்டபமாகிவிட்ட திருவிழாத் திடலும் அங்கே என் சிறுவயதில் டீசல் இன்ஜினில் தடதடத்துச் சுற்றிய ராட்டினமும் நினைவுக்கு வந்தன. தொட்டில்கள் பாதி ஏறியதும் இன்ஜினையும் ராட்டினத்தையும் இணைக்கும் பெல்ட் கிறீச்சிட்டு வழுக்கும். ராட்டினக்காரர் தூபத்துக்குப் போடும் குங்கிலியப் பொடியை அள்ளி அதன்மேல் வீசுவார். உராய்ந்த சூட்டில் வாசனையாய்ப் புகை எழ, பெல்ட் பிடித்துக்கொள்ள, தொட்டில்கள் மேலே போகும். நல்ல இயந்திரத்துக்கு எதற்குத் தூபம் என்று எனக்கு உறுத்தியது. என் அக்கா ராட்டின உச்சியில் இருந்தபோது கேட்டேவிட்டேன்.

"எதுக்குண்ணே மிஷினக் கும்புடுறீக?"

"கும்புடலப்பு, பெல்ட்டு வழுக்குது, அம்புட்டுதான். நீயும் ஏறு."

நான் ஏறவில்லை. அக்கா சிரித்துக்கொண்டே இறங்கி வந்தாள்.

இன்றும் தூபப் புகை எழுந்தால் எல்லோரும் தலைகுனிகிறார்கள். நான் மட்டும் எது வழுக்குகிறதென்று பார்க்கிறேன்.