உளுந்து மேல் ஏறிய ஆறு சிலிண்டர் வண்டி

போன வருடம் பங்குனிக் கடைசி. வலங்கைமானுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊருக்கு, விலைக்கு வந்திருந்த பழைய கார் ஒன்றைப் பார்க்க நானும் என் மனைவியும் போயிருந்தோம். காலை பதினோரு மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது.

நான் தஞ்சாவூரில் ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் எடுக்கிறவன். எந்த இன்ஜினையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுவேன். ஓட்டுவது மட்டும் பழைய பைக். ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும் பெட்ரோல் இன்ஜின் வைத்த ஜெர்மன் வண்டி ஒன்று சொந்தமாக வேண்டும் என்பது படிக்கிற காலத்திலிருந்தே எனக்கு ஆசை. அந்த இன்ஜின் அதிரவே அதிராது. மிதித்தால் சத்தம் ஏறும் பாருங்கள், அதைக் கேட்டால்தான் புரியும். புதிதாக வாங்க ஏழு ஜென்மம் எடுத்தாலும் முடியாது. பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடியது என்றால், சின்ன கார் ஒன்றைப் புதிதாக வாங்கும் காசுக்கே கிடைக்கும். வீட்டில் சொன்னதும் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“ஒரு சிலிண்டர் புக் பண்ணா வர்றதுக்கே நாலு நாளாவுது. இவருக்கு ஆறு வேணுமாம்!”

சிரித்தாலும் தடுக்கவில்லை. சேர்த்த காசில் மூன்றில் ஒரு பங்கை ரிப்பேருக்கென்று தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் தேட ஆரம்பித்தேன். பழைய ஜெர்மன் வண்டி வாங்குகிறவன் முதலில் செய்ய வேண்டிய வேலை அதுதான். வாங்கிவிடலாம், வைத்துக்கொள்வதுதான் பாடு. எதையெதைப் பார்க்க வேண்டும் என்று நாற்பது வரி எழுதி ஒரு நோட்டு வைத்திருந்தேன். அதற்கு முன் நான்கு வண்டிகள் பார்த்திருந்தேன். ஒன்று மோதி நசுங்கிப் பெயின்ட் அடித்தது, ஒன்றில் கிலோமீட்டரைக் குறைத்திருந்தார்கள், ஒன்று வெள்ளத்தில் நின்றது. நான்காவது ஆள் பேச ஆரம்பித்ததுமே திரும்பி வந்துவிட்டேன். எல்லாக் குட்டையும் என் நோட்டுதான் உடைத்தது என்று எனக்குக் கொஞ்சம் மிதப்புகூட இருந்தது.

வலங்கைமான் பக்கத்து வண்டியை விற்றவர் ஓர் இஸ்லாமியப் பெண். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவராக இருப்பார். கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். ஊரில் இருந்தபோது அவர் ஆசைப்பட்டு வாங்கிய வண்டியாம். அவர் திரும்பிப் போனபிறகு ஆறு வருடமாக இவர்தான் ஓட்டியிருக்கிறார். இப்போது பிள்ளைகளோடு அவரிடமே போவதால் விற்கிறார். நான் நோட்டைப் பிரிப்பதற்குள், கிளிப் போட்ட தினசரிக் காலண்டர் தாள்களை என் கையில் கொடுத்தார்.

“சார், இதுல ஏழு குறை இருக்கு. மொதல்ல இதப் படிச்சுடுங்க. அப்பறம் வண்டியப் பாருங்க.”

வண்டியில் என்ன கோளாறு வந்தாலும் அன்றைய தேதித் தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறார். ஏசி நடுநடுவே நிற்கிறது. பின் கதவுக் கண்ணாடி இறங்கினால் ஏறாது. ஆயில் கசிவு, கேஸ்கெட் மாற்றியாயிற்று, இன்னும் லேசாகக் கசிகிறது. முன் பம்பரில் கோடு, ‘திருப்பத்தில் உரசியது, நான்தான்’. இப்படி ஏழு தாள். என்னுடைய நாற்பது வரிக்கும் எனக்கு அங்கே வேலையே இல்லாமல் போய்விட்டது. விற்க வந்தவர் குறையை முதலில் சொல்வதை அன்றைக்குத்தான் பார்த்தேன். சும்மா இருக்கக்கூடாதே என்று கோளாறு காட்டும் கம்ப்யூட்டர் கருவியை மாட்டிப் பார்த்தேன். தாளில் இல்லாத ஒன்றையும் அது சொல்லவில்லை.

ஓட்டிப் பார்க்கச் சொன்னார். அவரும் என் மனைவியும் பின்னால் உட்கார்ந்துகொண்டு, மீன் விலையில் ஆரம்பித்துப் பிள்ளைகளின் படிப்பு வரை ஊர்ப்பட்ட கதை பேசிக்கொண்டு வந்தார்கள். கும்பகோணம் ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு நேரான நீளத்தில் ஒரு மிதி மிதித்தேன். அடடா! அந்தச் சத்தம் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. “மெதுவாங்க!” என்று மனைவி கத்தியது அதற்கு அப்புறம்தான் கேட்டது. சிரித்துக்கொண்டே திரும்பி, வாய்க்கால் ஓரமாகப் போகும் சின்ன ரோட்டில் இறக்கினேன்.

நெல் அறுத்த வயலில் விதைத்த உளுந்தைப் பறிக்கும் காலம் அது. டெல்டாவில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்த செடியை ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகள் ஏறி ஏறி மணியை உதிர்த்துக் கொடுக்கும். நான் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவன். என் அம்மாவும் இப்படிப் பரப்பிவிட்டு பஸ் வருமா என்று பார்த்து நின்றவள்தான். எங்கள் ஊரில் உளுந்து மேல் ஏறாமல் ஒதுங்கிப் போகிறவனைத் திமிர் பிடித்தவன் என்பார்கள். ஆகவே நடுரோட்டில் பரப்பியிருந்ததைப் பார்த்ததும் கொஞ்சமும் யோசிக்காமல், உதவி செய்கிற பெருமையோடு அதன் மேல் ஏற்றினேன்.

பஸ்ஸுக்கு அடியில் ஓர் ஆள் தவழலாம். இந்த வண்டிக்கு அடியில் நாலு விரல் இடம் இருந்தால் பெரிது. அதுவும் விரட்டி ஓட்டிய வண்டி, சைலன்சர் குழாய் அடுப்பாகக் கொதித்துக்கொண்டிருக்கும். இதை வருடாவருடம் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவனே நான்தான். பாதி தூரம் போவதற்குள் அடியில் சரசரவென்று சுற்றுகிற சத்தம், அப்புறம் கருகல் நாற்றம், பக்கவாட்டில் புகை. பதறிப்போய் பிரேக்கை மிதிக்கப் போனேன்.

“நிறுத்தாதீங்க! இங்க நிறுத்தாதீங்க! உளுந்தைத் தாண்டி வெளிய எடுங்க!” என்று பின்னாலிருந்து அந்தப் பெண் கத்தினார்.

அங்கே நிறுத்தியிருந்தால் பரப்பியிருந்தது அத்தனையும் பற்றியிருக்கும். ஓரமாக நின்ற மூன்று பெண்களின் மாதக்கணக்கான பாடு. எரிவது தன் வண்டி என்று தெரிந்தும் அவருக்கு முதலில் அந்த உளுந்துதான் கண்ணில் பட்டது. இரண்டு வண்டி நீளம் தள்ளி வெறும் தாரில் நிறுத்தி, சாவியைத் திருப்பிவிட்டு எல்லோரும் குதித்து இறங்கினோம். அடியில் கையளவு நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. பெட்ரோல் டேங்க் எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அது தெரிந்ததாலேயே கால் நகரவில்லை.

உளுந்து கிளறிக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள். மேட்டூர் அணை மூடிய காலம், வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. புளியமரத்தடியில் இருந்த இரண்டு குடம் குடிதண்ணீரையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பச்சைத் தண்ணி ஊத்தாதீங்க, சூட்டுல குழாய் வெடிச்சிடும்!” இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

“ஊத்துங்கக்கா, போனாப் போவுது! அந்த அருவாளக் குடுங்க” என்றார் வண்டிக்காரப் பெண்.

வாங்கிய வேகத்தில் புர்காவை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, கொதிக்கிற தாரில் மல்லாக்கப் படுத்துவிட்டார். உளுந்துக்காரப் பெண் ஒருவர் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் ஊற்ற, இவர் சுற்றியிருந்த செடியை அரிவாளால் கொத்துக் கொத்தாக அறுத்து வெளியே தள்ளினார். அப்புறம்தான் எனக்குச் சுரணை வந்தது. நானும் மறுபக்கம் படுத்துக் கையாலேயே பிடுங்கினேன். ஐந்து நிமிடம் இருக்கும். நெருப்பு அணைந்துவிட்டது. அவருடைய முழங்கையில் தோல் வழன்றிருந்தது, எனக்கு இரண்டு விரல் சுட்டது. என் மனைவி ரோட்டோரம் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

வண்டி குளிரும்வரை எடுக்க முடியாது. அந்தப் பெண்கள் வெயிலில் ஒரு வாய் தண்ணீர்கூட இல்லாமல் நின்றார்கள். யாரும் கேட்கவில்லை, நானே குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு அரை கிலோமீட்டர் தள்ளியிருந்த பம்புசெட்டுக்கு நடந்தேன். முதல் குடத்தை இறக்கியதும், “வாத்தியாரே, இன்னொரு நடை இருக்கு” என்று ஒரு அக்கா சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அழுதுகொண்டிருந்த என் மனைவியும்தான்.

எனக்கு மனசு ஆறவில்லை. வண்டிக்காரப் பெண்ணிடம் போய், நீங்கள் சொன்ன விலைக்கே இன்றைக்கே எடுத்துக்கொள்கிறேன், தப்பு என்னுடையது என்றேன். அவர் தலையாட்டி மறுத்துவிட்டார்.

“வேணாம் அண்ணே. அடியில என்ன வெந்துருக்குன்னு பாக்காம நான் விக்க மாட்டேன். பாத்து, சரிபண்ணிட்டுச் சொல்றேன். அப்பறம் புடிச்சா வாங்குங்க.”

அதுவரை சார், அப்போது அண்ணன்.

ஒரு வாரம் கழித்து அழைப்பு வந்தது. கும்பகோணத்தில் வண்டியை மேலே தூக்கி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வெப்பம் தடுக்கும் தகடு ஒன்று வளைந்திருந்தது, ஒரு சென்சார் ஒயர் உருகியிருந்தது. இரண்டையும் மாற்றியாயிற்று. நான் பயந்த மாதிரி எதுவும் வெடிக்கவில்லை. நேரில் போனபோது கிளிப்பில் எட்டாவது தாள் இருந்தது. அந்தப் பங்குனி நாளின் தாள். பின்பக்கம் அவர் கையெழுத்து: ‘உளுந்துச் செடி சுற்றி அடியில் தீப்பிடித்தது. பக்கத்தில் இருந்தும் பேச்சு சுவாரஸ்யத்தில் நான் எச்சரிக்கவில்லை.’

அதில் என் பெயரும் இல்லை, என் தப்பும் இல்லை. இதை எதற்கு எழுதினீர்கள், நான்தான் வாங்கப்போகிறேனே என்று கேட்டேன்.

“நீங்க மனசு மாறிட்டா, அடுத்து வர்றவங்களுக்குத் தெரியணும்ல?” என்றார் சாதாரணமாக.

அன்றைக்கே வாங்கிவிட்டேன். வண்டி இன்றுவரை நன்றாக ஓடுகிறது, ஏசி மட்டும் இன்னும் நின்று நின்றுதான் வருகிறது. இந்தப் பங்குனியில் வேண்டுமென்றே அந்த வாய்க்கால் ரோட்டுக்குப் போனேன். உளுந்துக்கு முன்னாலேயே நிறுத்தி, இரண்டு கேன் தண்ணீரை இறக்கி வைத்தேன். “என்ன வாத்தியாரே, இந்தத் தடவ ஏத்தலியா?” என்று அதே அக்கா கேட்டார்.

போன மாதம் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கல்லூரிச் சுவரில் உரசிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை, கொஞ்சம் பெயின்ட் தடவினால் தெரியாது. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, ‘சுவரில் உரசியது, நான்தான்’ என்று எழுதி ஒன்பதாவதாகக் கிளிப்பில் மாட்டினேன். இருபது வருடம் இன்ஜின் பாடம் நடத்தியும் எனக்கு வராத அந்த ‘நான்தான்’ என்ற ஒரு வார்த்தையை எழுதக் கற்றுக்கொடுத்த அந்தத் தங்கையை, ஒவ்வொரு முறை சாவியைத் திருப்பும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.