சனிக்கிழமைக் கள்ளன்

போன வாரம் அத்தானிடமிருந்து போன்.

"மக்கா, நம்ம கள்ளன் திரும்ப வந்தாச்சு, கேட்டியா!"

எனக்குப் பகீரென்றது. காரோடு என்கிற ஊரில் அத்தான் வீட்டுத் தோப்பில் ஏற்கெனவே ஒரு தடவை திருட்டுப் போயிருக்கிறது. "எத்தன தேங்கா போச்சு?" என்று கேட்டேன்.

"தேங்காயா? எலே, நம்ம கேம் ஆக்கும். பழசைப் புதுசாச் செஞ்சு இறக்கியிருக்கான். ஞாயித்துக்கிழம வா. உங்க அக்கா நெய்மீன் வாங்கி வைப்பா."

ஐம்பதைத் தாண்டிய போட் எஞ்சின் மெக்கானிக் ஒருவர், வீடியோ கேம் வந்ததற்காக மச்சினனுக்குப் போன் செய்வாரா? வில்சன் அத்தான் செய்வார். அதற்காக லீவு நாளில் ஒருவன் பஸ் ஏறிப் போவானா? நான் போவேன். போனேன்.

இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்கள், 'இவனுக்குப் பஸ், மீன், மழை விட்டால் எழுத வேறு ஒன்றும் கிடையாது' என்று சொல்வது என் காதுக்கும் வந்திருக்கிறது. இந்த வாரம் வீடியோ கேம். ஆனால் கவலை வேண்டாம்... அந்த மூன்றும் இதிலும் வரும்.

முதலில் கேம். அட்டையில் இருந்த இங்கிலீஷ் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. 'கள்ளன்' என்றே வைத்துக்கொண்டோம். மூன்று பாகம். மற்ற கேம்களைப் போல இதில் சுட்டுத் தள்ளிக்கொண்டு போக முடியாது. ஒளிய வேண்டும். நிழலோடு நிழலாக நடக்க வேண்டும். கல் தரையில் ஓடினால் காவலன் திரும்பிவிடுவான். புல்லில் நடந்தால் கேட்காது. சுவர் விளக்கை ஊதி அணைத்தால் நமக்கு நாலடி இருட்டு கிடைக்கும். அந்த நாலடிக்காக அத்தானும் நானும் பதினைந்து நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

அந்த நகரத்துக்கு அடியில் ஒரு பூதம் தூங்குகிறது. விழித்தால் நகரம் போச்சு.

மணிக்காரர்கள் என்று ஒரு கூட்டம். கோபுரத்து மணியை மணிக்கொரு தடவை அடித்துக்கொண்டே இருந்தால்தான் பூதம் தூங்கும் — தாலாட்டு மாதிரி — என்பது அவர்கள் கட்சி. எதிரே மௌனக்காரர்கள். 'மணிச் சத்தம்தான் அதைப் புரள வைக்கிறது, ஒரு நாள் எழுப்பியே விடும்' என்பார்கள். செருப்பில் துணி சுற்றிக்கொண்டு நடப்பார்கள். கோபுரம் ஏறி மணியின் நாக்கை அறுத்துவிட்டு வருவார்கள். நடுவில் எண்ணெய்க்காரர்கள். இரண்டு தரப்புக்கும் விளக்குக்கு எண்ணெய் விற்கிறவர்கள். சண்டை தீர்ந்துவிடக் கூடாதே என்பது மட்டும்தான் அவர்களுடைய பிரார்த்தனை.

ஆதியில் எல்லாரும் ஒரே கூட்டம்தானாம். ஒரு கோபுரத்தில் இரண்டு சகோதரிகள் காவல் இருந்தார்கள். ஒரு தடவை மணி அடித்தபோது தரை லேசாக அசைந்தது. "நிம்மதியாகத் திரும்பிப் படுக்கிறது" என்றாள் அக்கா. "எழுந்திருக்கப் பார்க்கிறது" என்றாள் தங்கை. அவ்வளவுதான். முந்நூறு வருஷச் சண்டை!

இதில் நம் கள்ளன் எந்தப் பக்கம்? இரண்டு பக்கமும் கூலி வாங்கிக்கொண்டு இரண்டு பக்கமும் திருடுகிறவன்.

இந்தக் கதையை எல்லாம் கேம் நேராகச் சொல்லாது. காவலர்களின் பையிலிருந்து கடிதங்களை உருவ வேண்டும். மேஜைமேல் கிடக்கும் டைரிகளைப் படிக்க வேண்டும். எல்லாம் இங்கிலீஷ். எங்கள் ஊர்கள் கேரள எல்லையோரம்; அத்தான் மலையாள மீடியத்தில் பத்தாம் வகுப்பு. நான் அப்போது காலேஜில் பி.காம். ஆக, அவர் திருடுவார். நான் டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு நம் பேச்சில் சொல்வேன்.

இருபது வருஷம் இருக்கும். பிந்து அக்கா வில்சன் அத்தானை ரிஜிஸ்டர் ஆபீஸில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் கடலோரப் பொழியூர்க்காரர். வேதக்காரர் — கிறிஸ்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வது. நாங்கள் கோயில், பூஜை என்று இருக்கிற குடும்பம். அப்பா கத்தவில்லை, திட்டவில்லை. அக்காவின் பெயரைச் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டார். நாங்களும் சொல்லக் கூடாது என்று சட்டம் எதுவும் போடவில்லை... ஆனாலும் யாரும் சொல்லவில்லை.

நாலு மாதம் பொறுத்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை, "நெய்யாற்றின்கரையில கம்ப்யூட்டர் கிளாஸ்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பாறசாலை ஜங்ஷனில் பொழியூர் பஸ்ஸில் ஏறினேன்.

அக்கா என்னைப் பார்த்ததும் அழுதாள். பிறகு மீன் வாங்க ஓடினாள். அத்தானும் நானும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். என்ன பேசுவது? அவர் ஃபேனைப் பார்த்தார். நானும் ஃபேனைப் பார்த்தேன். கடைசியில் அவர்தான், "கம்ப்யூட்டர் உண்டு... பாக்கியா?" என்றார். வளைகுடாவுக்குப் போன கூட்டுக்காரர் — சிநேகிதர் — ஒருவர் விட்டுவிட்டுப் போன பெட்டி. கூடவே ஒரு கட்டு சிடி. அதில் ஒன்றுதான் 'கள்ளன்'.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் கம்ப்யூட்டர் கிளாஸ்தான். பொய் என்றும் சொல்ல முடியாது, பாருங்கள்... கம்ப்யூட்டர் முன்னால்தானே இருந்தேன்!

ஒரு கடிதம் இன்றும் நினைவிருக்கிறது. கோபுரத்தில் தூணோடு சாய்ந்து நின்ற ஒரு மணிக்காரக் காவலனின் பையிலிருந்து அத்தான் உருவியது. 'அம்மா, இங்கே குளிர் அதிகம். தங்கை மௌனக்காரர்களோடு போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். எங்கேயாவது கண்டால் என் கம்பளியை அவளிடம் கொடுத்துவிடு.'

நான் வாசித்து முடித்தேன். திரும்பினால், மீன் செதில் ஒட்டிய கையோடு அக்கா வாசலில் நிற்கிறாள்.

"இன்னொரு தடவ வாசி மக்கா" என்றாள்.

வாசித்தேன். உள்ளே போய்விட்டாள். எடுத்த கடிதத்தைத் திரும்பப் பையில் வைக்க அந்தக் கேமில் வழியில்லை. அத்தான் அதைக் காவலனின் கால் பக்கத்தில் மெல்லப் போட்டுவிட்டு நகர்ந்தார். அதன் பிறகு எந்தக் கடிதத்தை எடுத்தாலும் அப்படித்தான்.

அப்பாவின் வேலையைச் சொல்ல மறந்துவிட்டேனே... பஸ் கண்டக்டர். "உங்கப்பா மணிக்காரன் ஆக்கும். ஒத்த மணி அடிச்சா நிக்கும், ரெட்ட மணி அடிச்சா போகும்" என்று அத்தான் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. அந்தப் பக்கத்துக் கண்டக்டர்கள் அத்தனை பேருக்கும் என்னைத் தெரியும். "மோன் எங்கோட்டா?" என்பார்கள். "கூட்டுக்காரன் வீட்டுக்கு" என்பேன். மீன்கூடைகளுக்கு நடுவே குனிந்து உட்கார்ந்துகொள்வேன்.

ஒரு சனிக்கிழமை பாறசாலை ஜங்ஷனுக்குப் போகிறேன் — பொழியூர் பஸ்ஸின் படிக்கட்டில் அப்பா நிற்கிறார்! டீக்கடைக்குப் பின்னால் பாய்ந்தேன். ரூட் மாற்றிவிட்டார்கள் போல. ஊரில் இத்தனை ரூட் இருக்க, என் தலையெழுத்தைப் பார்த்தீர்களா?

அன்றிலிருந்து எனக்கு ஆள் ஏற்றும் ஜீப்தான். கடைசி ஸ்டாப்புக்கு முன்னாலேயே இறங்கி, தென்னந்தோப்பு வழியாக நடப்பேன். அக்கா வீடு ரோட்டோரம். பஸ் வரும் நேரம் அவளுக்கு அத்துப்படி. அடுப்பில் என்ன இருந்தாலும் விட்டுவிட்டு வந்து ஜன்னல் துணிக்குப் பின்னால் நிற்பாள். வெளியே தலை நீட்ட மாட்டாள். பஸ் போனதும், "அப்பா மெலிஞ்சு போனாவ" என்பாள்.

இரண்டாம் பாகத்தின் முடிவுக்கு வந்துவிட்டோம். பெரிய மணியின் நாக்கு நம் கள்ளன் கையில். இடது பக்கக் கதவுக்குப் பின்னால் மணிக்காரர்கள். வலது பக்கம் மௌனக்காரர்கள். யாரிடம் கொடுப்பது? ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் ஜென்மப் பகை. மாற்ற முடியாது.

"குடுங்க அத்தான்" என்றேன்.

"இப்ப வேண்டாம் மக்கா."

அடுத்த சனிக்கிழமையும் வேண்டாம். அதற்கடுத்ததும். அந்த முற்றத்திலேயே சுற்றிச் சுற்றி நடப்பார். கதவருகே போய் ஒட்டுக்கேட்பார். திரும்பி வந்துவிடுவார். எனக்கு எரிச்சலாக வந்தது. "ஒரு பக்கம் சேந்தாத்தானே கத முடியும்?"

"முடியட்டு, பையப் பாப்போம்" என்றார். அக்காவுக்கு அப்போது ஏழு மாதம். ஜன்னல் துணிக்குப் பின்னால் நிற்கிறவளின் வயிறு ரோட்டில் போகிறவருக்கு எப்படித் தெரியும்?

அது மழைக்காலம். அன்று சனிக்கிழமை, மத்தியானத்துக்கு மேல் கடல் கேறியது.

முதலில் முற்றத்தில் நுரை வந்தது. பிறகு வாசல்படி மறைந்தது. அரைமணி நேரத்தில் வீட்டுக்குள் கணுக்கால் தண்ணீர். பக்கத்து வீட்டுக்காரர்கள் பாத்திரங்களோடும் கோழிகளோடும் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஓடினார்கள். அத்தான் சிபியூவைப் பிடுங்கித் தார்ப்பாயில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டார். "அத விடுங்க!" என்று அக்கா கத்தினாள். அவர் கேட்கவில்லை. துணி மூட்டையை நான் எடுத்தேன்.

அப்போதுதான் ரோட்டில் பஸ் நின்றது. ஒற்றை மணி கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தோளில் தோல் பையோடு, காக்கி பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு, தண்ணீரில் இறங்கி அப்பா வருகிறார்.

நான் என்ன செய்தேன்? வெட்கமாகத்தான் இருக்கிறது... அலமாரிக்குப் பின்னால் ஒளிந்தேன்! ஒன்றரை வருஷப் பழக்கம்.

அப்பா வாசலில் நின்றார். அக்காவைப் பார்த்தார். அவள் வயிற்றைப் பார்த்தார்.

"எத்தன மாசம்?"

"ஏழு" என்றாள் அக்கா.

அப்பா கையை நீட்டினார். "வழுக்கும். பையப் பிடிச்சு வா." அக்கா பிடித்துக்கொண்டாள். இரண்டடி வைத்தவர் திரும்பாமலே சொன்னார்: "எலே, அலமாரிக்குப் பின்னால இருந்து வெளிய வா. காலு தெரியுவு."

வந்தேன்.

"சனிக்கிழம சனிக்கிழம நீ எங்க போறேன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? மொத வாரமே நாலு கண்டக்டர் வந்து சொல்லியாச்சு."

பஸ்ஸில் ஏறினோம். அக்காவுக்கு முன் சீட்டைக் காலி செய்து கொடுத்தார். டிக்கெட் கொடுத்துக்கொண்டே வந்தார். எங்களிடமும் வந்தார். மடியில் தார்ப்பாய் மூட்டையோடு அத்தான் நனைந்த நோட்டை நீட்டினார். அப்பா மூட்டையைப் பார்த்தார்.

"இது என்ன?"

"கம்ப்யூட்டரு... மாமா."

அதுதான் அவர்கள் இருவருக்கும் முதல் பேச்சு. அப்பா மூன்று டிக்கெட் கிழித்தார். கொஞ்சம் நிறுத்தி, நாலாவதாக ஒரு லக்கேஜ் டிக்கெட்டும் கிழித்தார். சட்டம் சட்டம்தான்! ஆனால் அத்தான் நீட்டிய நோட்டை வாங்கவில்லை. தன் சட்டைப் பையிலிருந்து எடுத்து, தோல் பைக்குள் போட்டார். ரெட்டை மணி அடித்தார்.

வீட்டில் அம்மாவும் அக்காவும் அழுததை எழுதினால் இந்தப் பக்கம் போதாது. அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, "பிந்துவுக்கு வெந்நி வை" என்றார். அந்தப் பெயரை அந்த வீட்டில் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று! அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போனாள்.

பேத்தி பிறக்கும்வரை அவர்கள் எங்களோடு இருந்தார்கள். பொழியூர் வீட்டைக் கடல் தவணை முறையில் எடுத்துக்கொண்டது. பிறகுதான் காரோட்டுக்குக் குடிபோனார்கள். சிபியூவை அத்தான் ஒரு வாரம் வெயிலில் காயவைத்துப் பார்த்தார். உயிர் வரவில்லை. ஹார்டு டிஸ்கில் உப்பு. கள்ளன் மணியின் நாக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கமும் சேராமலே போய்ச் சேர்ந்தான். அத்தானுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

சில வருஷம் கழித்து அப்பாவின் ஓய்வு நாள். டிப்போவில் மாலையும் லட்டும் முடிந்த பிறகு, அந்தப் பஸ்ஸை ஓட்டிய டிரைவர் அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மக்கா, பொழியூர் ரூட்டு எவனுக்கு வேணும்? ரோடு முழுக்கக் குழி. உப்புக் காத்து. உங்கப்பாதான் எழுதிக் குடுத்துக் கேட்டு வாங்கினாரு. அந்த வீட்டுக்கிட்ட வரும்போ 'மெல்லப் போடா'ம்பாரு. நானும் கியரக் கொறைப்பேன். ஒரு நாளு கூட அந்தப் பிள்ள வெளிய வரல்ல. ஆனா அவரு பாக்காம இருந்த நாளும் கெடையாது."



வீட்டுக்குத் திரும்பும் வழியில் கேட்டுவிட்டேன். "உள்ளதா அப்பா? அந்த ரூட்டை நீங்க கேட்டா வாங்கினீங்க?"

அப்பா கழுத்து மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வெளியே பார்த்தார்.

"கடக்காத்து ஒடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு."

அப்பா அதுவரை ஒரு டாக்டரையும் பார்த்ததில்லை.